தயங்காமல் சொல்வோம்

ஜோகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிறிய பட்டணம் லாயாங் லாயாங். அங்குப் படிவம் நான்கில் பயிலும் ஒரு மாணவனைக் கற்பனை செய்து பார்ப்போம். இரண்டு வாரங்களாக அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டு செல்லும் தண்ணீர்ப் புட்டி ஓய்வு நேரத்திற்கு முன்பே காலியாகிவிடுகிறது. இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறான். வகுப்பிலும் அடிக்கடி அனுமதி கேட்டு வெளியே செல்வதால் நண்பர்கள் கேலி செய்கின்றனர். பள்ளிச் சீருடை தளர்ந்து தொங்குகிறது. முன்பு மாலை முழுவதும் காற்பந்து விளையாடியவன் இப்பொழுது மாடிப்படி ஏறுவதற்குள் களைத்துப் போகிறான்.

தனக்கு என்ன நேர்கிறது என்பது அவனுக்குப் புரியவில்லை. இரவில் திறன்பேசியை எடுத்து இணையத்தில் தேடுகிறான். சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நோயின் பெயரைக் காட்டுகிறது. அச்சம்தான் கூடுகிறது. அம்மாவிடம் சொன்னால், “தூங்காமல் கைப்பேசியையே பார்த்துக் கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்” என்று கடிந்து கொள்வாரோ என நினைக்கிறான். அப்பா விடிவதற்கு முன்பே தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார். தனக்காக அவர் விடுப்பு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று தயங்குகிறான். அதனால் யாரிடமும் வாய் திறக்காமல் நாள்களைக் கடத்துகிறான்.

இந்த மாணவன் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், அவனிடம் காணப்படும் அறிகுறிகள் உண்மையானவை. அவை முதல் வகை நீரிழிவு நோயின் அறிகுறிகள். நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்று சொன்னவுடன் தாத்தா பாட்டியின் நினைவுதான் வரும். முதல் வகை நீரிழிவோ பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளையோரிடமும் தோன்றுவது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் இந்நோய் ஏற்படுகிறது. இனிப்பு மிகுதியாக உண்டதால் வருவதன்று; பிறரிடமிருந்து தொற்றுவதும் அன்று.

இன்சுலின் இல்லாவிட்டால் உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் செல்ல இயலாது, இரத்தத்திலேயே தேங்கிவிடும். சிறுநீரகங்கள் அதனை வெளியேற்றும்பொழுது நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கும் அடங்காத தாகத்திற்கும் காரணம் இதுவே. சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல், கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்குகிறது. எடை குறைகிறது, சோர்வு மிகுகிறது. கொழுப்பு கரையும்பொழுது உண்டாகும் கீட்டோன் எனும் பொருள் இரத்தத்தை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. அதன்பின் வயிற்று வலி, வாந்தி, ஆழ்ந்த வேகமான மூச்சு ஆகியவை தோன்றும். அந்நிலையில் சிகிச்சை கிடைக்காவிட்டால் நினைவிழப்பும் மரணமும் நேரலாம். தாகத்தில் தொடங்கிய நோய் சில வாரங்களில், சில வேளைகளில் அதற்கும் முன்னதாகவே, உயிருக்கு உலை வைத்துவிடும்.

நூறாண்டுகளுக்கு முன் இந்நோய்க்கு மருந்தே இல்லை. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் எனும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. எலும்பும் தோலுமாய் இருந்த அச்சிறுவனுக்கு முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஜேம்ஸ் கோலிப் எனும் அறிவியலாளர் அம்மருந்தை மேலும் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போடப்பட்டபொழுது அவனது இரத்தத்தில் சர்க்கரை அளவு குறைந்தது. லெனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்சுலினைக் கண்டறிந்த பிரெடரிக் பேன்டிங்கின் பிறந்த நாளான நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

லெனார்டின் காலத்தில் மருந்துக்காக நோயாளிகள் காத்திருந்தனர். இன்றோ மருந்து நோயாளிக்காகக் காத்திருக்கிறது. இடையில் நிற்பது தயக்கமும் அறியாமையும்தான். நோயுற்ற இளையோர், தம் நிலையைக் காதுகொடுத்துக் கேட்கும் முதல் மனிதரை அடைவதற்குள் பல நாள்கள் வீணாகிவிடுகின்றன. இந்தத் தாமதத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. மாணவர், பெற்றோர், ஆசிரியர் ஆகிய மூவருக்கும் அதில் பங்குண்டு என்பதே என் கருத்து.

இதற்கு இத்தாலி நாட்டின் பார்மா மாவட்டம் நல்ல சான்று. 1991ஆம் ஆண்டில் அங்குள்ள மருத்துவர்கள் ஓர் எளிய முயற்சியைத் தொடங்கினர். முதல் வகை நீரிழிவின் தொடக்க அறிகுறிகளை விளக்கும் சுவரொட்டிகளைத் தொடக்க, இடைநிலைப்பள்ளிகளில் ஒட்டினர். குழந்தை மருத்துவர்களுக்கும் தகவல் வழங்கினர். அதற்கு முன், புதிதாக இந்நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளுள் 78 விழுக்காட்டினர் இரத்தம் அமிலத்தன்மை அடைந்த ஆபத்தான நிலையிலேயே மருத்துவமனையை அடைந்தனர். 1991 முதல் 1997 வரையிலான காலத்தில் அது 12.5 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. அறிகுறி எது என்பதை அறிந்ததும், அதனை உடனே சொன்னதுமே பல பிள்ளைகளைக் காத்தன.

அப்படியானால், சிறு தலைவலிக்கும் களைப்புக்கும் மாணவர்கள் மருத்துவரிடம் ஓட வேண்டுமா என்று சிலர் வினவலாம். இது நியாயமான வினாவே. இளையோரின் களைப்புக்குப் பெரும்பாலும் தூக்கமின்மை, காலை உணவைத் தவிர்த்தல், தேர்வு அழுத்தம், இரத்தசோகை போன்றவையே காரணமாக இருக்கும். நன்கு உறங்கி, முறையாக உண்டபின் நீங்கிவிடும் களைப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், காரணமின்றி எடை குறைதல், நாள்கணக்கில் நீங்காத தாகம், திரும்பத் திரும்ப வரும் மயக்கம், மூச்சுத் திணறல் போன்றவை அவ்வாறு ஒதுக்கத்தக்கவை அல்ல. எது சிறியது, எது பெரியது என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் பணி. பரிசோதித்தபின் நோய் எதுவுமில்லை என்று தெரிந்தால் அந்தப் பயணம் வீணன்று; மனநிம்மதியும் ஒரு பயனே.

இணையம் அந்தப் பணியைச் செய்துவிடாது. இணையத்தில் நல்ல தகவல்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தாகம் என்று தேடினால் நூறு காரணங்களைக் காட்டும் இணையத்தால் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்க முடியாது. அந்தச் சோதனையின் முடிவு சில நொடிகளில் தெரிந்துவிடும். அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் மலேசியக் குடிமக்கள் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற 1 ரிங்கிட் கட்டணம் போதும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் குளுவாங்கில் என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் கண்டால் மருந்தகம் திறக்கும்வரை காத்திராமல் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

மருத்துவரைக் காணும்பொழுது எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது சிறந்த வழி. தொந்தரவு எப்பொழுது தொடங்கியது, ஒரு நாளில் எத்தனை முறை ஏற்படுகிறது, பசியிலும் தூக்கத்திலும் எடையிலும் என்ன மாற்றம், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், ஏற்கெனவே உட்கொண்ட மருந்து என்ன என்பனவற்றைக் குறித்துக்கொள்ளலாம். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளையே நீட்டலாம். மாதவிடாய்ச் சிக்கல், மன உளைச்சல் போன்றவற்றையும் மருத்துவரிடம் மறைக்கத் தேவையில்லை. அவற்றைக் கேட்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

பெற்றோரின் பங்கு இங்குப் பெரிது. பிள்ளை தன் உடலைப் பற்றி ஒன்று சொல்லும்பொழுது, முதல் பதில் கண்டிப்பாக இருந்தால் அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். “எப்பொழுதிலிருந்து இப்படி இருக்கிறது, ஐயா?” என்று பரிவோடு கேட்கும் ஒரு கேள்வி, ஒரு மாத்திரையைவிட முன்னதாக வேலை செய்யும். படிக்க விருப்பமில்லாமல் நடிக்கிறான் என்று முடிவு கட்டுவதும், கண்ணேறு பட்டுவிட்டது என்று சுற்றிப்போட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஆபத்தாக முடியலாம். திருஷ்டி கழிக்க விரும்பினால் கழிக்கலாம். ஆனால், மருந்தகத்திற்குச் செல்வதை அதற்காகத் தள்ளிப்போடலாகாது.

பள்ளியும் இதில் கைகொடுக்க முடியும். அடிக்கடி கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கும் மாணவனைக் கட்டொழுங்குச் சிக்கலாக மட்டும் பார்க்காமல், தனியே அழைத்து விசாரிக்கலாம். வீட்டில் சொல்லத் தயங்கும் மாணவர்களுக்கு ஆலோசக ஆசிரியர் துணையாக நின்று, பெற்றோரிடம் பேசலாம். பார்மாவில் ஒட்டியதைப் போன்ற சுவரொட்டிகளைத் தமிழிலும் மலாயிலும் மாணவர்களே தயாரித்து, சிற்றுண்டிச்சாலையிலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டலாம். லாயாங் லாயாங் போன்ற சிறிய ஊர்களில் ஒரு மாணவன் படித்த செய்தி அன்று மாலையே அக்கம்பக்கத்து வீடுகளை எட்டிவிடும். கேலி செய்த நண்பர்களே, “வா, ஆசிரியரிடம் சொல்வோம்” என்று தோள்கொடுக்கும் நிலை அப்பொழுது உருவாகும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ எனும் அதிகாரத்தில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். அந்த வரிசையில் முதலாவதாக அவர் கூறுவது நோயுற்றவரையே. அவர் வாய் திறக்காதவரை மற்ற மூன்றுக்கும் வேலையில்லை. ஆகவே, இளையோரே, உடலில் புரியாத மாற்றம் கண்டால் அதனை மனத்திற்குள் பூட்டி வைக்காதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடம் இன்றே சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். கேட்பவர் கிடைக்கும்வரை சொல்வது கோழைத்தனமன்று. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் துணிவாகும்.