குறை எங்களுடையது, மாற்றுவழி உங்களுடையது

பத்திரிகை அலுவலகங்களிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் 'திருத்தம்' என்ற சொல்லின் கனத்தை நான் அறிவேன். ஒருவரின் பெயரைப் பிழையாக அச்சிட்டால், தவறு எம்முடையதே என்று ஒப்புக்கொண்டு மறுநாள் திருத்தம் வெளியிடவேண்டும். 'அந்த வரியைத் தாண்டி வாசித்திருக்கலாமே' என்று எந்த ஆசிரியரும் வாசகருக்குப் பதில் எழுதியதில்லை.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு ஆளிகளை, அதாவது 'சுவிட்ச்' பெட்டிகளை, விற்கும் நிறுவனங்களோ அப்படித்தான் எழுதுகின்றன. மென்பொருளின் ஒவ்வொரு பதிப்போடும் வெளிவரும் குறிப்பேட்டில் 'அறியப்பட்ட வரையறைகள்' என்றொரு பகுதி உண்டு. குறை இன்னது, அதைச் சமாளிக்கும் மாற்றுவழி இன்னது என்று வரிசையாக இருக்கும். சிலவற்றுக்கு நேரே 'மாற்றுவழி இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

வரையறைகள் யாவும் மோசடி என்று நான் சொல்லவரவில்லை. எட்டாயிரம் முகவரிகளையே நினைவில் வைக்கக்கூடிய பெட்டி என்றால் அது அதன் கொள்ளளவு. நாலு கொத்து அரிசிக்கான பானையில் ஐந்து கொத்தைப் போட்டவர் பானையைத் திட்டக்கூடாது. நான் சாடுவது, தாம் திறந்துவைத்த கதவைப் பூட்டும் பொறுப்பை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு 'மாற்றுவழி' என்று பெயர் சூட்டும் வழக்கத்தை.

சிஸ்கோ நிறுவனத்தின் 'ஸ்மார்ட் இன்ஸ்டோல்' இதற்கு நல்ல சாட்சி. புதிய ஆளியைத் தொலைவிலிருந்தே அமைத்துக்கொள்ள உதவும் வசதி அது. கடவுச்சொல் எதையும் அது கேட்பதில்லை. 4786ஆம் இலக்க வாயிலில் தட்டுபவர் எவராயினும் அவர் சொல்வதைக் கேட்கும். போதாக்குறைக்கு, வாங்கும்போதே அது இயங்கும் நிலையில் இருந்தது. இதைப் பயன்படுத்தி அந்நியர் உட்புகலாம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியபோது, 2017 பெப்ரவரியில் நிறுவனம் அளித்த விளக்கத்தின் சாரம் இதுதான்: இது பாதுகாப்புக் குறைபாடு அன்று, நெறிமுறையின் துர்ப்பிரயோகம், கடவுச்சொல் கேளாமை அதன் வடிவமைப்பு. வேண்டாதவர்கள் 'நோ விஸ்டாக்' என்ற கட்டளையை இட்டு அதை அணைத்துக்கொள்ளலாம்.

அணைத்தவர்களின் கதை இன்னும் சுவையானது. சில மாதிரிகளின் சில பதிப்புகளில், மின்சாரம் போய்வந்து பெட்டி மீண்டும் உயிர்பெற்றதும் அந்தக் கட்டளை மறைந்துவிட்டது. கதவு பழையபடி திறந்துகொண்டது. மாற்றுவழிக்கே ஒரு வழு! அதற்கும் தனியாக ஓர் இலக்கமிட்டுப் பதிந்துவைத்தார்கள்.

2018 ஏப்ரல் 6ஆம் திகதி அந்தக் கதவின் வழியே ஈரானிலும் ரஷ்யாவிலும் ஆளிகள் தாக்கப்பட்டன. ஈரானில் மட்டும் ஏறத்தாழ 3,500 என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினார்கள். அமைப்புக் கோப்புகள் அழிக்கப்பட்டு, அவை இருந்த இடத்தில் அமெரிக்கக் கொடியின் படம் கிடந்தது. இதே வசதியின் நிரலில் இருந்த வேறொரு ஓட்டைக்கு 2018 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 ஓகஸ்டில், ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புடையவர்கள் அதே ஓட்டையால் இன்னமும் உட்புகுந்து ஆயிரக்கணக்கான கருவிகளின் அமைப்புக் கோப்புகளைத் திரட்டினார்கள் என்று எஃப்.பி.ஐ. எச்சரித்தது.

"குறிப்பேட்டை வாசித்திருக்க வேண்டியது பொறியாளரின் கடமையல்லவா?" என்று கேட்பார்கள். எந்தப் பொறியாளர்? நான் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் ஓர் ஆளி இருந்தது. பத்துப் பதினைந்து நாட்கள் ஓய்வின்றி ஓடினால் விறைத்துப்போகும். விற்றவர்கள் சொன்ன மாற்றுவழி, வாரம் ஒருமுறை அணைத்துப் போடுவது. கணினிப் பிரிவுத் தம்பி அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினார். பின்னர் அவர் கனடா போனார். தாளும் உரிந்து விழுந்தது. ஒரு தேர்தல் இரவில், முடிவுகள் வந்து குவிந்துகொண்டிருந்த வேளையில், பக்கங்கள் அச்சுக்குப் போகாமல் நின்றன. ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தோம். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிப்பாட்டிப் போட்டனீங்களோ?" என்று கேட்டார். யாருக்கு ஞாபகம்! அன்று மாவட்டப் பதிப்பு பேருந்தைத் தவறவிட்டது. மறுநாள் முகவர்களிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். விற்றவர்கள் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்.

மாற்றுவழி என்பது யாரோ ஒருவரின் ஞாபகத்தில் தொங்கும் பொருள். அந்த ஒருவர் வேலை மாறுவார், நோயில் விழுவார், நாட்டைவிட்டே போவார். பாடசாலைக்கும் பிரதேச மருத்துவமனைக்கும் இரண்டாம் கையாக வந்துசேரும் பெட்டியோடு குறிப்பேடு வருவதில்லை. புதிய மென்பொருளைத் தரவிறக்கவோ பல நிறுவனங்கள் ஆண்டுக் கட்டண ஒப்பந்தம் கேட்கின்றன.

நான் கேட்பது பெரிதன்று. ஆபத்தான வசதியை அணைத்த நிலையில் விற்கட்டும், வேண்டியவர் திறந்துகொள்வார். அறிந்த குறையை எங்கோ ஓர் ஆவணத்தின் அறுபதாம் பக்கத்தில் புதைக்காமல், நிர்வாகி உள்நுழையும்போது முதல் வரியிலேயே பெட்டி சொல்லட்டும். இடமில்லை என்று சாக்குச் சொல்லமுடியாது. பெட்டி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் தமது பதிப்புரிமை அறிவித்தலை வரிவரியாகத் திரையில் ஓடவிட அவர்களுக்கு இடம் இருக்கிறது.