தாயும் சேயும்

எடை குறைந்து பிறக்கும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தலே பாதுகாப்பு என்று எண்ணுவோர் உளர். அது முற்றும் பொருந்தாது. 1978-ஆம் ஆண்டில், கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டாவில், இத்தகைய குழந்தைகளைக் காக்கும் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் மார்போடு உடல் பட அணைத்து வைக்கச் செய்தார். தாயின் உடற்சூடு குழந்தையைக் காத்தது. தாய்ப்பாலும் எளிதிற் கிடைத்தது. பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்குமாறு 2022-இல் உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

கருவிகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. மூச்சுத் திணறும் குழந்தைக்கு அவை இன்றியமையாதன. ஆயினும், குழந்தை ஓர் அறையிலும் தாய் வேறோர் அறையிலும் கிடத்தல் தகுமோ? குழந்தையின் அருகே தாய்க்கும் ஒரு கட்டில் இடுக. அவளுக்குரிய மருத்துவத்தையும் அங்கேயே அளித்திடுக. இருவரையும் ஒருங்கே காப்பதன்றோ மருத்துவமனையின் கடமை!