கத்திக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயம்

17 வயதுப் பையன் ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டிச் செல்போனைப் பறிக்கிறான். யாருக்கும் கீறல்கூட இல்லை. அதே வயதுப் பையன் இன்னொருவன் குடித்துவிட்டு அப்பாவின் காரை ஓட்டி இரண்டு பேரைக் கொன்றுவிடுகிறான். இருவரில் யாரைப் பெரியவனாக வைத்து விசாரிப்பது? டீக்கடையில் கேட்டால் கார்க்காரனைத்தான் கைகாட்டுவார்கள். சட்டம் கத்திக்காரனைக் காட்டுகிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்த சிறுவன் மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால்தான் அவனைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பிப் பெரியவரைப் போல விசாரிக்கலாம். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு இருக்க வேண்டும். ஆயுதத்தோடு கொள்ளையடித்தால் அது உண்டு. கொலையாகாத மரணத்தை விளைவித்தால் உச்சவரம்பு பெரிது. 7 ஆண்டு என்ற அடிவரம்பு கிடையாது. அப்படி அடிவரம்பு இல்லாதது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், டெல்லியில் சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில்தான்.

2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சிறுவனுக்கு, 300 சொல்லில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. நாடே கொதித்தது. அவனைப் பெரியவனாக விசாரிக்கக் கேட்ட போலீஸின் மனுவை 2025-ல் அங்குள்ள இளைஞர் நீதிக் குழுமம் தள்ளுபடி செய்தது. அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. என் கவலையெல்லாம் கத்திக்காரப் பையனைப் பற்றியது.

தென்மாவட்டம் ஒன்றில் அப்படியொரு குழுமத்தில் சமூக உறுப்பினராக இருந்தவள் நான். மாஜிஸ்திரேட் ஒருவர், எங்களைப் போல இரண்டு பேர். முதற்கட்ட மதிப்பீடு என்ற பெயரில் ஒரு பையனை உட்கார வைத்து, குற்றம் செய்யும் மனவலிமையும் உடல்வலிமையும் அவனுக்கு இருந்ததா, விளைவு தெரிந்திருந்ததா, எந்தச் சூழலில் செய்தான் என்று பார்க்க வேண்டும்.

“குத்துனா செத்துருவாங்கன்னு தெரியுமாப்பா?”

“தெரியும் மேடம்.”

தீர்ந்தது. விளைவை அறியும் திறன் உண்டு என்று எழுதிவிடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட அதே பதிலைத்தான் சொல்லும். கூட்டாளிகள் நாலு பேர் சுற்றி நின்று உசுப்பேற்றும்போது அந்த அறிவு எங்கே போனது என்பதுதான் கேள்வி. அதற்கு எங்கள் தாளில் கட்டம் இல்லை. மாவட்ட மருத்துவமனையிலிருந்து வரும் அறிக்கையில் நுண்ணறிவு சராசரி என்றிருக்கும். உளவியல் தெரிந்தவர்களின் உதவி கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்லதே. ஆனால் மாதக்கணக்கு கழித்து வரும் உளவியலாளரும், அன்றைக்கு இருந்த மனதையா பார்க்கப் போகிறார்?

“நான் செய்யவே இல்லை” என்று சொல்லும் பையன்களும் உண்டு. இந்த மதிப்பீடு விசாரணை இல்லை என்று சட்டமே சொல்கிறது; குற்றம் நிரூபணமாகவில்லை. அவனிடம் போய் எந்தச் சூழலில் செய்தாய் என்று எப்படிக் கேட்பது?

கடைசியில் கையில் மிஞ்சுவது நன்னடத்தை அலுவலரின் சமூகப் பின்னணி அறிக்கை. தந்தை இல்லை, படிப்பை நிறுத்தியவன், கெட்ட சகவாசம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வக்கீலும் பள்ளி முதல்வரின் கடிதமும் சேர்ந்து வரும். சம வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டுப் போனவனும் இதே வாசலில் வந்து நிற்பான், போக்சோவில் அடிவரம்பு 10 ஆண்டு என்பதால்.

இந்த வாசலைத் திறந்தது 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை. சிறுவர்களுக்கான வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்றது அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு. அந்த வழக்கின் சிறுவன் மூன்றாண்டுத் தண்டனைக் காலம் முடிந்து 2015 டிசம்பர் 20-ல் வெளியே வந்தான். 22-ஆம் தேதி மாநிலங்களவை இந்தச் சட்டத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு மூன்றாண்டு அற்பமாகத்தான் தெரியும். அவர்களிடம் போய் நான் வாதாட மாட்டேன்.

மூன்றாண்டு போதாது என்பதுதான் குறையென்றால், அதை நேராகச் சரிசெய்யலாம். குழந்தைகள் நீதிமன்றம் அனுப்பும் பையனை 21 வயதுவரை பாதுகாப்பு இல்லத்தில் வைத்து, திருந்தினானா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு முடிவெடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. குற்றம் நிரூபணமான பிறகு, அரிதான வழக்குகளில், அந்த அதிகாரத்தைக் குழுமத்துக்கே கொடுங்கள். கூடவே, வெளியே வந்தவனை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஓர் ஆளையும் கொடுங்கள். என் பதவிக் காலத்தில் அப்படி ஒருவர் கிடையாது.