பொம்மைச் சண்டை நமக்கு ஆகாதா?

ரஜினியின் அனிமேஷன் படம் 'கோச்சடையான்' வந்தது 2014 மே மாதம். இன்றைக்கும் அனிமேஷனில் ஒரு சண்டைப் படம் எடுக்கலாம் என்று எங்கள் ஊர் திருப்புலிவனத்து டீக்கடையில் யாராவது வாயைத் திறந்தால், "ரஜினியை வெச்சே எடுபடலை, நம்ம ஜனத்துக்குப் பொம்மைப் படம் ஆகாதுப்பா" என்று வாயை அடைத்துவிடுவார்கள். விமர்சகர்கள் பலரும் இதையேதான் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்கிறார்கள்.

ஜனத்துக்குப் பொம்மை ஆகாதா? உத்திரமேரூர், செய்யாறு பக்கம் பாரதக்கூத்தின் கடைசி நாள் படுகளத்தைப் பார்த்தவர் இப்படிப் பேசமாட்டார். களிமண்ணில் செய்த துரியோதனன் பனைமரம் சாய்ந்தாற்போல் தரையில் கிடப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடி, அதன் மேலேயே ஏறி மோதுவார்கள். தொடையில் கதை இறங்கிச் சிவப்பு கசியும்போது பெண்கள் சிலருக்குச் சாமி வந்துவிடும். முடிந்ததும் அந்த மண்ணை வீட்டுக்கு அள்ளிப் போவார்கள். மண் தொடைக்கே இத்தனை பதைப்பு என்றால் திரைப் பொம்மை என்ன பாவம் செய்தது? சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சான் கார்ட்டூனுக்காகப் பள்ளிக்கூடப் பையைத் திண்ணையில் வீசிய பிள்ளைகள், இன்று சொந்தக் காசில் டிக்கெட் வாங்குகிறார்கள்.

அடுத்தது, ஹாலிவுட் பணம் நம்மிடம் இல்லை என்பது. பாதி நியாயம். ஆனால் 2025-இல் வந்த 'மகாவதார் நரசிம்மா', கோச்சடையானைவிட மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். அதிலும் முகங்கள் விறைப்புதான். தூணைப் பிளந்து நரசிம்மர் வந்த பிறகு அதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்திய அனிமேஷன் அதுவரை காணாத வசூல்.

வரைந்த உடம்புக்கு வலிக்காது, அதனால் சண்டையில் சூடு இராது என்கிறார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு பத்துப் பேரைப் பறக்கவிடும் நம் நாயகர்களுக்கு மட்டும் வலிக்கிறதா? 2008-இல் வந்த 'குங்ஃபூ பாண்டா'வில் குருவும் சீடனும் கடைசிக் கொழுக்கட்டை ஒன்றுக்காக மோதுவார்கள். குச்சியும் குச்சியும் உரசும், கிண்ணம் பறக்கும், கொழுக்கட்டை கை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் அதைப் பிடித்த சீடன், அந்தப் பெருந்தீனிப் பாண்டா, பசியில்லை என்று குருவிடமே வீசிவிடுவான். அவன் வீரனாகிவிட்டான் என்பது அந்த வீச்சிலேயே தெரிந்துவிடுகிறது. சண்டைக்குச் சூடு தருவது இதுதான், ரத்தம் அல்ல.

கோச்சடையானின் கோளாறு வேறு. உடம்பில் புள்ளிகள் ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து ரஜினியின் அசைவைப் பிடித்தார்கள். நடையும் தாண்டவமும் தேறின. கண் தேறவில்லை, பாதம் பல இடங்களில் தரையில் பாவவே இல்லை, அதனால் வாள்வீச்சில் கனமும் இல்லை. தமிழ்நாடே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் முகத்தை அச்சு அசலாகக் காட்ட முனைந்தால், ஒரு இமை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம். ஸ்பில்பெர்க்கும் 'டின்டின்'னுக்கு இதே நுட்பத்தைத்தான் பயன்படுத்தினார், ஆனால் சித்திரக்கதையின் பெரிய மூக்குகளை மாற்றவில்லை. அப்படி யாரோடும் ஒப்பிட முடியாத உருவம் நம்மிடமும் உண்டு: எங்கள் ஊர்க் கோயிலில் வழிபட்டதாகச் சொல்லும் வியாக்கிரபாத முனிவருக்குப் புலிக்கால். அந்தக் காலுக்கு எந்த நடிகரின் காலோடும் போட்டியில்லை.

இத்தனைக்கும் கோச்சடையானுக்கு கே.எஸ். ரவிகுமார் எழுதியது நல்ல கதை. எதிரி நாட்டுப் படையிலேயே தளபதியாகி, அங்கே அடிமைப்பட்டுக் கிடக்கும் தன் நாட்டு வீரர்களை ரஜினியின் ராணா மீட்கும் பகுதியில் முகத்தை மறந்து ஒன்றிப்போக முடிகிறது. படத்தைப் பழிக்கிறவர்கள் அந்தப் பகுதியைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.