மலிவு என்று யார் சொன்னது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆண் பிள்ளைகள் உள்ள வாப்பா, உம்மாமார் முடிந்தால் கடைசி வரை வாசியுங்கள். பெண் பிள்ளைகள் உள்ளவர்களும்தான்.

போன தவணை பதினோராம் தரத்தில் சுகாதாரப் பாடம், போதைப்பொருள் பற்றிய அலகு. எங்களில் ஒருவர் வழமைபோல தீமைகளை ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டுப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினான்.

“சேர், அமெரிக்காவுல கஞ்சாவக் கடையில வெச்சே விக்கிறாங்க. அதுல ஷேக் எண்டு ஒண்டு இருக்காம், காசு குறைவாம். வீடியோவுல பாத்தன். அப்ப அது அவ்வளவு மோசமில்லதானே?”

வகுப்பு சிரித்தது. சேர் அவனை எழுப்பி நிறுத்தினார். அதோடு பாடம் முடிந்தது. ஓய்வறையில் இதைப் பேசியபோது ஒருவர் “அவன்ட பேக்கைப் பாருங்க” என்றார். இன்னொருவர் “அதிபரிட்டச் சொல்லுவம்” என்றார். பிள்ளையின் கேள்விக்குப் பதில் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் இருந்தோம். கட்டிளமைப் பருவ உளவியல் படித்தோம், பாடக் குறிப்பு எழுதப் பழகினோம். இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே நாங்களே உட்கார்ந்து வாசித்தோம். அந்தப் பிள்ளைக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஷேக் என்றால் என்ன? தேயிலைத் தொழிற்சாலையில் நல்ல இலைத் தரங்களைச் சலித்து எடுத்த பிறகு டஸ்ட் மிஞ்சும். அரிசி ஆலையில் குறுணல் மிஞ்சும். அது போலத்தான் இதுவும். கஞ்சாப் பூவைப் போட்டு வைத்த பையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் துகள், இலைத் துண்டு, சில நேரம் காம்பும் விதையும். முழுப் பூவாக விற்க முடியாததால் விலை குறைவு. பல வகைச் செடிகளின் உதிரிகள் ஒன்றாகச் சேர்வதும் உண்டு. அதனால் அதன் வீரியம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சின்னத் துகளானதால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காய்ந்து பழசாகிவிடும். சுருக்கமாகச் சொன்னால், விற்பவனுக்குக் கழிவு. அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்து, சிக்கனமானவர்களுக்கு ஏற்றது என்று விற்கிறார்கள்.

அமெரிக்காவில் கடையில் விற்கிறார்கள் என்பது உண்மைதான். கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதலாம் திகதி கடைகள் திறந்தன. கனடா 2018 ஒக்டோபரில் நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கியது. ஆனால் வீடியோவில் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. கொலராடோ கடைக்குள் 21 வயதுக்குக் குறைந்தவர் வாங்க முடியாது. கனடாவிலும் மாகாணத்தைப் பொறுத்து 18, 19, கியூபெக்கில் 21. சரக்கு ஆய்வுகூடத்துக்குப் போய் வீரியம், பூஞ்சணம், பூச்சிகொல்லி எல்லாம் பார்த்து, லேபல் ஒட்டித்தான் கடைக்கு வர வேண்டும். அமெரிக்காவின் மத்திய சட்டம் இன்னும் அதை அனுமதிக்கவில்லை.

ஆகவே மகனே, நீ உதாரணம் காட்டிய அந்த நாட்டிலேயே உனக்கு விற்க மாட்டார்கள். 15 வயதுப் பிள்ளைக்குக் கஞ்சா விற்பதைச் சரி என்று சொல்கிற சட்டம் அங்கேயும் இல்லை.

இங்கே நிலைமை என்ன? ஆய்வுகூடமும் இல்லை, லேபலும் இல்லை. கடல் வழியாக வரும் கேரள கஞ்சா வடக்குக் கரையிலும் மன்னார், கற்பிட்டிப் பக்கத்திலும் பிடிபட்ட செய்தி வராத மாதம் இல்லை. நனைந்ததா, எங்கே எத்தனை நாள் புதைத்து வைத்ததா, எவருக்கும் தெரியாது. ஒரு பொட்டலத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிற பையனுக்கே தெரியாது. அது போக மதன மோதக என்று ஆயுர்வேத மருந்தின் பெயரில் உருண்டைகள் வருகின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவற்றை விற்ற கடைகள் சுற்றிவளைக்கப்பட்ட செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். மருந்துதானே என்று வாயில் போடும் பிள்ளைக்கு ஒன்று தெரிய வேண்டும். கஞ்சாவைச் சாப்பிட்டால் போதை ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் போகலாம். ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது போட்டவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

சரி, மலிவு என்ற கணக்குக்கு வருவோம். எங்களில் வணிகக் கல்வி படிப்பிப்பவர் போட்ட கணக்கு இது. ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு 300 ரூபா செலவழிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 9,000. வருடத்துக்கு 109,500. டியூஷன் காசு கட்ட முடியாத வீட்டில் இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? உம்மாவின் சீட்டுக் காசிலிருந்து. பிறகு தங்கச்சியின் தோட்டிலிருந்து. அதற்கும் பிறகு, வாங்கிய கடனைக் கட்ட அவனே நாலு பேருக்கு விற்கத் தொடங்குகிறான். மலிவான சரக்கை வைத்து வியாபாரி தேடுவது வாடிக்கையாளனை மட்டும் அல்ல, அடுத்த வியாபாரியையும்தான்.

உயர்தரப் பொருளியலில் அமையச் செலவு என்று படிப்பிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது எதை இழக்கிறோமோ அதுதான் உண்மையான செலவு. நமது ஊரில் பாதிப் பிள்ளைகளின் கனவு வெளிநாடு. சவூதி, கட்டார், துபாய் என்று போக பொலிஸ் ரிப்போட் கேட்பார்கள். நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விழுந்தால் அந்தக் கதவு மூடப்படும். பழக்கத்தோடு போய்ச் சேர்ந்தால் இன்னும் பயங்கரம். போதைக்கு அந்த நாடுகளில் உள்ள தண்டனையை நாம் சொல்லத் தேவையில்லை. பொட்டலத்தின் மேல் இந்த விலை எழுதியிருக்காது.

இனி மூளைக்கு வருவோம். கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. அதை 1964இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் 1972, 73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். பதின்ம வயதில் தொடங்கி வருடக்கணக்காக விடாமல் அடிமையானவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 8 புள்ளி வரை குறைந்ததாக 2012இல் வெளியிட்டார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த பிந்திய ஆய்வுகள், இந்த வீழ்ச்சிக்குக் குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம் என்று கேள்வி எழுப்பின. ஞாபகசக்தியும் கவனமும் பாதிக்கப்படுவதில், சிலருக்கு மனநோயைக் கிளப்பிவிடுவதில், சின்ன வயதில் தொடங்குபவருக்கே ஆபத்து கூட என்பதில் மருத்துவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் கேள்வியையும் ஏன் எழுதினோம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு தரம் இழுத்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நாம் சொல்கிறோம். பிள்ளை தன் கூட்டாளி இழுத்ததைப் பார்க்கிறான், அவனுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து சேர் சொல்வது பொய் என்று முடிவு செய்கிறான். பிறகு ஐஸைப் பற்றி நாம் சொல்கிற உண்மையையும் அவன் நம்பப் போவதில்லை. கூட்டிச் சொன்னதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

கஞ்சா மருந்தும்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஆயுர்வேதத்தில் இடமுண்டு. ஏற்றுமதிக்காகப் பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலேயே வந்தது. அதைப் பெரியவர்கள் விவாதிக்கட்டும். வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தும் பஸ் நிலையத்துப் பின்பக்கம் கைமாறும் பொட்டலமும் ஒன்றல்ல.

மார்க்கத் தீர்ப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அறிவை மயக்குவது ஹராம் என்பதை மக்தப் பிள்ளையும் சொல்லும். இமாம் இப்னு தைமிய்யா ஹஷீஷைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் வரலாற்றில் ஒரு விசயம் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. மம்லூக் காலக் கெய்ரோவில் இதற்கு இருந்த ஒரு பெயர் ஃபுகராக்களின் புல். ஃபகீர் என்றால் துறவியும்தான், ஏழையும்தான். அன்றைக்கும் இது மலிவு என்றே பரவியது. வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார்: 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் அமீர் அந்தச் செடியைப் பிடுங்கி அழிக்கச் சொன்னார், தின்றவர்களின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க உத்தரவிட்டார். சில பத்தாண்டுகளில் அது முன்னரைவிடப் பகிரங்கமாகத் திரும்பி வந்தது.

பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. நாங்கள் விடுகைப் பத்திரத்தைக் கொடுத்தால் போய்விடுமா?

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளையின் கொம்பாஸ் பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. கூட்டம் போட்டோம். பாடசாலையின் பெயர், பெறுபேறு, மற்றப் பிள்ளைகள் என்று எல்லாம் பேசினோம். அவனோடு மட்டும் யாரும் பேசவில்லை. அவனுடைய உம்மா வாசலில் நின்று அழுதார். வாப்பா வெளிநாட்டில். மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று விடுகைப் பத்திரத்தை நீட்டினோம். ஓ.எல்.லுக்கு ஐந்து மாதம் இருந்தது. அவன் பரீட்சை எழுதவில்லை.

போன ரமழானில் தராவீஹ் முடிந்து வரும்போது சந்தியில் அவனைக் கண்டோம். மெலிந்து போயிருந்தான். “ஸலாம் சேர், சுகமா இருக்கீங்களா?” என்று அவன்தான் முதலில் கேட்டான். எங்களால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்.

அதிபர்மாருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும்: விற்பவனையும் சிக்கிக்கொண்ட பிள்ளையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிள்ளையை வெளியேற்றும் நாள், அந்த வியாபாரிக்கு முழுநேர ஆள் கிடைக்கும் நாள். ஆலோசனை ஆசிரியர், பெற்றோர், வைத்தியர் என்று ஒரு வழி போட்டு, பரீட்சை வரைக்கும் அவனை வகுப்புக்குள் வைத்திருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: ஜும்ஆவில் ஒரு குத்பா போதாது. இஷாவுக்குப் பிறகு பையன்கள் போக ஒரு விளையாட்டு மைதானம், ஒரு வாசிகசாலை, உட்கார்ந்து கதைக்க ஒரு மூத்த நானா வேண்டும். பெயரைச் சொல்லி ஊருக்குள் அவமானப்படுத்துவதை நிறுத்துங்கள்.

வாப்பா, உம்மாமாருக்கு: காசு குறைகிறதா, கண் சிவக்கிறதா, நித்திரை மாறுகிறதா என்று பாருங்கள். கண்டால் அடிக்க முதல் கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, மனநல உதவிக்கான 1926 ஆகிய இலக்கங்களை ஃபோனில் சேமித்து வையுங்கள். அழைப்பது வெட்கமில்லை.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திய சேர், மறுவாரம் வகுப்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகள் நாற்பது நிமிடம் சத்தமில்லாமல் கேட்டார்கள். மணி அடித்த பிறகு இரண்டு பேர் தனியாக வந்து, கதைக்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு பேரும் இன்னும் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. சந்தியில் ஸலாம் சொன்ன அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து துஆச் செய்யுங்கள்.