ஒரு நாள் அடுப்புக்கு விடுமுறை

சித்திரை மாதத்து மதுரையைப் பற்றி மதுரைவாசிகளுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைகைக் கரையிலேயே கோச்சடை இருந்தும், எங்கள் வீட்டுச் சமையலறைவரை ஆற்றுக் காற்று வந்து எட்டுவதில்லை. மாலை ஆறு மணிக்கு அங்கே அடுப்பின் முன் நிற்பது ஒரு தவம். அந்தத் தவத்தை 22 வருஷங்களாக என் மனைவி செய்து வருகிறாள். வரத்தை மட்டும் நாங்கள் பெற்று வருகிறோம்.

சென்ற மாதம், கல்லூரியில் படிக்கும் என் குமாரத்தி வீட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தாள். சனிக்கிழமை இரவு அடுப்பு மூட்டக் கூடாது. அன்று ஸாலட் விருந்து! நீண்ட மேஜையில் நறுக்கிய காய்களையும் பருப்பு வகைகளையும் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்துவிட, அவரவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க உணவுச்சாலைகளில் பரவிய வழக்கம் இது.

"பச்சைக் காயைக் கடிப்பதற்கு நாம் என்ன ஆடா, மாடா?" என்று கேட்டார் என் தாயார்.

"ஸ்ரீராம நவமிக்கு நீங்கள் செய்யும் கோசுமல்லி எந்த அடுப்பில் வெந்தது, பாட்டி?"

தாயார் பதில் சொல்லவில்லை. மசோதா நிறைவேறிற்று.

காய் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காலையிலேயே அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போனேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான். 1999 நவம்பர் 14-ந் தேதி திறக்கப்பட்டது. விளைவித்தவரே நேரில் விற்பதால் காயும் புதிது, விலையும் நியாயம். வெள்ளரிப் பிஞ்சு அரைக் கிலோ, காரட் கால் கிலோ, நாலு தக்காளி, இரண்டு வெங்காயம், ஒரு கிளிமூக்கு மாங்காய், கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் நாலு. ஐந்து பேருக்கு இவை தாராளம். இருவர் ஹோட்டலில் சிற்றுண்டி அருந்தும் செலவுகூட ஆகவில்லை.

வெறும் காய் வயிற்றை நிரப்பாது. ஆகையால் 150 கிராம் பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொண்டோம். முதல் நாள் இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையும், ஒரு பிடி வேர்க்கடலையும் காலைச் சமையலோடு வெந்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் காத்திருந்தன. கெட்டி அவலை நனைத்துத் தயிரில் பிசைந்து வைத்தோம். தேங்காய்த் துருவல், மிளகுப் பொடி, உப்பு, இஞ்சித் துருவல் ஆகியவை சிறு கிண்ணங்களில் இடம் பெற்றன. உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் முன்கூட்டிக் கலந்துவிடக் கூடாது. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அரை மணியில் வெள்ளரிக்காய் துவண்டு, பாத்திரம் குளமாகிவிடும். தட்டில் எடுத்த பின்பே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 1921 செப்டம்பரில் இதே மதுரையில் உடையைக் குறைத்துக்கொண்ட மகாத்மா, 1929-ல் அடுப்பையும் துறந்து பார்த்தார். முளைவிட்ட கோதுமை, அரைத்த வாதுமை, பச்சிலை, எலுமிச்சை, தேன் இவைதாம் ஆகாரம். சில மாதங்களில் உடல் மெலிந்து வயிற்றுக் கடுப்பும் கண்டது, பரிசோதனையைக் கைவிட்டார். பச்சைக் காய் உணவில் ஒரு பங்காக இருக்கலாம். அதுவே முழு உணவாகிவிடக் கூடாது என்பதை அதிலிருந்து நாம் கற்கலாம். காய்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, உண்ணும் நேரத்துக்குச் சற்று முன்பே நறுக்க வேண்டும். பயறு முளைப்பதற்கு ஏற்ற ஈரமும் வெப்பமும் கிருமிகளுக்கும் ஏற்றவை. ஆகவே முளைப்பயற்றை நன்றாக ஆவியில் வேகவைத்தே உண்பது நல்லது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. நறுக்கிய காயும் தயிரவலும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க வேண்டாம்.

இரவு எட்டு மணிக்கு எல்லாம் வரிசையாக அமர்ந்தன. நாங்களும் தட்டுகளுடன் அமர்ந்தோம். என் மனைவி மட்டும் வழக்கம்போல் கரண்டியும் கையுமாக நின்றாள். பரிமாற ஒன்றுமில்லை, தோசை வார்க்க அடுப்பும் இல்லை. அவள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்கினாள்.

"நீயும் உட்கார், அம்மா. இன்றைக்கு யார் யாருக்குப் பரிமாறுவது?" என்றார் என் தாயார். தம் மருமகளிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அவள் உட்கார்ந்தாள். மாங்காய்த் துண்டுகளைத்தான் முதலில் எடுத்தாள்; மிளகுப் பொடி தூவினாள்; மறுபடியும் எடுத்தாள். இஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டாள்.

"இஞ்சி வேண்டாமா?" என்றேன்.

"எனக்கு எப்போதுமே பிடிக்காதே" என்றாள்.

இருபத்திரண்டு வருஷங்களாக எனக்காக எல்லாவற்றிலும் இஞ்சி போட்டுச் சமைத்தவள் அவள்! அதே சமையலில் மிஞ்சியதைத்தான் கடைசியில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்க வேண்டுமென்றே எனக்குத் தோன்றியதில்லை.

2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால், கடைசியில் உண்பவருக்கு மிஞ்சியதே கிடைக்கும் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. கடலையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. அவற்றின்மேல் பிழியும் எலுமிச்சைச் சாறு அந்தச் சத்தை உடம்பில் சேர்க்க உதவும்; சாப்பிட்டவுடன் குடிக்கும் காப்பியோ தேநீரோ அதைத் தடுக்கும். எவ்வளவு சத்துள்ள பண்டமானாலும், உரியவரின் தட்டுக்கு வந்தால்தானே பயன்?

அன்று கழுவ வேண்டியிருந்தவை ஐந்து தட்டுகளும் ஒரு டஜன் கிண்ணங்களும். அவற்றை நானும் என் குமாரனும் கழுவினோம். இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு அடுப்புக்கு விடுமுறை. மற்ற ஆறு நாட்களிலும் அடுப்பு எரியத்தான் செய்கிறது. ஆனால் சமைத்தவற்றையெல்லாம் நடுவில் வைத்துவிட்டு ஐவரும் சேர்ந்தே உட்காருகிறோம். சட்னி இரண்டு கிண்ணங்களில் வருகிறது. ஒன்றில் இஞ்சி இல்லை.