விண்வெளித் தலைமையும் ஊர்ப்பள்ளிக் கல்வியும்

2025 சனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைவராக முனைவர் வி. நாராயணன் பொறுப்பேற்ற செய்தி கேட்டு, உலகெங்கும் வாழும் தமிழர்கள் அகமகிழ்ந்தனர். 2018 முதல் 2022 வரை அதே பொறுப்பில் இருந்த முனைவர் கை. சிவனும் அவரைப் போலவே குமரி மாவட்டத்துக் காரர் என்பதால் மகிழ்ச்சி இரட்டிப்பாயிற்று. சாதித்தவரைப் பாராட்டுவது தமிழர் பண்பு. அதில் குறை காண ஏதுமில்லை. ஆயினும், இவ்விருவரும் ஏறி வந்த படிகள் எவை, அப்படிகள் பின்வரும் பிள்ளைகளுக்கும் இருக்கின்றனவா என்ற வினாவை எழுப்பியவர்கள் மிகச் சிலரே.

முன்னோடிகளின் கல்வி

1969-இல் இஸ்ரோவைத் தொடங்கிய விக்ரம் சாராபாய், அகமதாபாத்தின் பெரும் ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்றவர், உலகப் போர்க் காலத்தில் தாயகம் திரும்பிப் பெங்களூரில் சர் சி.வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக்கதிர் ஆய்வு மேற்கொண்டவர். 1947-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். 1972-இல் சிறிது காலம் தலைமை வகித்த எம்.ஜி.கே. மேனன், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அவருக்குப் பின் 1984 வரை தலைமையேற்ற சதீஷ் தவான், லாகூரில் இயந்திரப் பொறியியலோடு ஆங்கில இலக்கியத்திலும் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கால்டெக்கில் 1951-இல் முனைவரானவர்.

அடுத்து வந்த உ.ரா. ராவும் கஸ்தூரிரங்கனும் அகமதாபாத்தில் சாராபாய் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் உருவானவர்கள். சாராபாயே ராவின் ஆய்வு வழிகாட்டி. வெளிநாட்டில் கற்ற ஒருவர், தம் நாட்டிலேயே அடுத்த தலைமுறையை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். இந்நிறுவனத்தின் வரலாற்றில் முதலில் கருதத்தக்க செய்தி இதுவே.

பணியில் இருந்தபடியே பட்டம்

இரண்டாவது செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2009 முதல் தலைமைப் பொறுப்பேற்றவர்களுள் நால்வர், பணியில் சேர்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே முனைவர் பட்டம் பெற்றனர். 1971-இல் பொறியாளராகச் சேர்ந்த கே. ராதாகிருஷ்ணன் 2000-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் அப்பட்டம் பெற்றார். 1984-இல் சேர்ந்த நாராயணன் 2001-இல் அதே ஐ.ஐ.டி.யில் பெற்றார். 1982-இல் சேர்ந்த சிவன் 2006-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் பெற்றார். சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தலைவராக இருந்த எஸ். சோமநாத், 2024 சூலையில், தலைமைப் பொறுப்பில் இருக்கும்போதே சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டமளிப்பு விழாவில் ஆய்வு மாணவராக மேடையேறினார். அவர் பணியில் சேர்ந்த ஆண்டு 1985.

இருபத்திரண்டு வயதில் பெற்ற பட்டமே ஒருவரின் அறிவுக்கு எல்லை என்று கருதும் சமூகம் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நாராயணன் பணியில் சேர்ந்த பின், 1989-இல் கரக்பூரில் கடுங்குளிர் பொறியியலில் முதல் மாணவராகத் தேறி முதுநிலைப் பட்டம் பெற்றார். 1993-இல் அமெரிக்க நெருக்குதலால் ரஷ்யா கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைக் கைமாற்றுவதிலிருந்து பின்வாங்கிற்று. அதை உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டிய நிலை எழுந்தபோது, அத்துறையை முறையாகக் கற்ற பொறியாளர்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தனர். 2014 சனவரியில் உள்நாட்டுக் கிரையோஜெனிக் இயந்திரம் முதன்முறையாக வெற்றியுடன் பறந்தது. ஓர் ஊழியரைப் படிக்க அனுப்பிய செலவு இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டுக்கு எதை ஈட்டித் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தமிழ்வழி மாணவர்கள் இருவர்

சிவன், நாகர்கோவிலுக்கு அருகே மேலச் சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம், சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை எனப் படிப்படியாக உயர்ந்தார். நாராயணனும் தமிழ்வழியில் கற்றவரே. அவர் பள்ளிக்குப் பின் சேர்ந்தது கல்லூரியில் அன்று. இயந்திரப் பொறியியல் பட்டயப் படிப்பில். பின்னர் இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வுகளை எழுதிப் பொறியியல் பட்டத்துக்கு நிகரான தகுதியைப் பெற்றார்.

2022 ஆகஸ்டில் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் முதல் பெண் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற முனைவர் ந. கலைச்செல்வியும் அம்பாசமுத்திரத்தில் தமிழ்வழியில் பயின்றவர். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். தமிழில் படித்தால் அறிவியல் வராது என்று கூறுவோர் இம்மூவருக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

அதே வேளையில், மூவரின் வெற்றியைக் காட்டி எல்லாம் நலமே என்று முடிவு செய்வதும் பிழையாகும். ஒருவர் வென்ற இடத்தில், அதே வகுப்பில் அமர்ந்திருந்த எத்தனை பேர் வழி தெரியாமல் நின்றுவிட்டனர் என்பதற்குக் கணக்கில்லை. நாராயணன் வரை இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பு ஒரு பெண்ணுக்கும் வாய்க்கவில்லை என்பதும் நினைவில் நிற்க வேண்டும். சந்திரயான்-2 திட்டத்தை மு. வனிதாவும், ஆதித்யா-எல்1 திட்டத்தைச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜியும் இயக்கியிருக்கையில், திறமைக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க இயலாது.

அடைபட்ட கதவுகள்

நாராயணன் நடந்த பாதையில் இன்றொரு மாணவர் நடக்க இயலுமா? 2013 மே 31-க்குப் பின் ஏ.எம்.ஐ.இ.யில் சேர்ந்தவர்களுக்கு, அரசு வேலைக்கான பொறியியல் பட்ட நிகர் தகுதி நிறுத்தப்பட்டது. பட்டயம் முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது உண்மையே. ஆயினும் பகலில் உழைத்துக் குடும்பத்தைக் காத்து, இரவில் படித்துத் தேர்வெழுதிய ஏழை மாணவருக்கு அது ஈடாகாது.

விண்வெளித் துறைக்கென 2007-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிறுவனம் மற்றொரு வாயில். அதன் இளநிலைப் படிப்புக்கான சேர்க்கை ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் வழியே நடைபெறுகிறது. அதற்கு முந்தைய படியான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் 2021 முதல் தமிழ் வினாத்தாள் உண்டு. அட்வான்ஸ்டு தேர்விலோ ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே உள்ளன. முதற்படியில் ஏற்கப்பட்ட மொழி இரண்டாம் படியில் மறுக்கப்படுவது ஏன்? இந்தி மாணவர் தம் தாய்மொழியில் எழுதலாம், தமிழ் மாணவர் எழுதக் கூடாது என்பது எந்த வகை நீதி? தமிழ்வழியில் படித்தவர் தலைமை தாங்கும் துறையின் வாயிலிலேயே இந்தத் தடை நிற்பது வேதனைக்குரியது.

செய்யத்தக்கவை

புலம்பெயர் தமிழர்களுள் பலர், தாயகத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் கற்று, அக்கல்வியை முதலாகக் கொண்டு கடல் கடந்தவர்கள். அவர்களுக்கு இதில் ஒரு கடன் உண்டு.

முதலாவதாக, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் நடத்த வேண்டுமென ஐ.ஐ.டி.களுக்கும் ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கும் தமிழ் அமைப்புகள் ஒருங்கிணைந்து விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதாக, பணியில் இருந்தபடியே பொறியியல் தகுதி பெறுவதற்குத் தரமான மாற்று வழி ஒன்றை மீண்டும் ஏற்படுத்துமாறு கோர வேண்டும். மூன்றாவதாக, தத்தம் ஊர்ப் பள்ளியின் ஆய்வுக்கூடத்துக்கும் பட்டய மாணவர்களின் மேற்படிப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பாராட்டு விழா ஒன்றின் மண்டப வாடகை, ஊர்ப்பள்ளியில் பல மாணவர்களின் கையில் ஆய்வுக் கருவிகளைத் தரும்.

சரக்கல்விளைப் பள்ளியில் படித்த சிறுவனுக்கு ஒரு காலத்தில் எல்லா வாயில்களும் திறந்திருந்தன. அவை தாமாகத் திறந்தவை அல்ல. எவரோ முயன்று திறந்து வைத்தவை. அவற்றைத் திறந்தே வைத்திருப்பதுதான் சிவனுக்கும் நாராயணனுக்கும் தமிழர்கள் செய்யக்கூடிய உண்மையான பாராட்டு.